மாப்பிள்ளையை விற்கலாமா, சித்தப்பா?

என் ஆசைச் சித்தப்பா,

சுகம் விசாரிக்க முதல் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடிதத்தை நீங்கள் ஒழுங்காக வாசிக்கமாட்டீர்கள். மாப்பிள்ளை திரும்பவும் கோபித்துக்கொண்டு நிற்கிறார். இந்த முறை உண்மையாகவே வேறு அணிக்குப் போய்விடுவார் போல இருக்கிறது.

ஓம், நீங்கள் போய் ஒரு வருஷமாகிவிட்டது. இதற்குள் வேறு சங்கதிகளும் நடந்திருக்கின்றன. நான் கார் ஓட்டப் பழகிவிட்டேன், சித்தியின் குப்பைத்தொட்டிதான் இன்னும் விலகப் பழகவில்லை. கணிதத்தில் எவ்வளவு எடுத்தேன் என்று கேட்காதீர்கள், செத்தவர்களிடம் பொய் சொல்லக்கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் அங்கே இருந்து முதலில் கேட்கப்போவது மாப்பிள்ளையைப் பற்றித்தான் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று சித்தி சொல்லிவிட்டார். ஆகவே அவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம் கொடுக்கிறேன், நீங்கள் கொஞ்சம் பொறுங்கள். மாப்பிள்ளை எங்கள் குடும்பத்தில் பெண் எடுத்தவர் இல்லை. அமெரிக்க ஃபுட்போலில் எங்கள் அணிக்காரர். ஃபுட்போல் என்று பெயரே தவிர, அதில் காலை விடக் கைக்குத்தான் வேலை. பந்தைக் கையில் வாங்கி, நாலு தடியன்கள் தன் மேல் விழ முதல், அதை யாருக்கு எறிவது என்று தீர்மானிக்கிறவர்தான் குவாட்டர்பக். சோடாவில் காஸ் இல்லை என்று மணவறையை விட்டு எழும்பப் பார்க்கிற மாப்பிள்ளையின் முகம் என்று சொல்லி, நீங்கள்தான் அவருக்கு அந்தப் பெயரை வைத்தீர்கள்.

அவருடைய கோபம் ஒன்றும் புதிதில்லை. அவர் எறிகிற பந்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற ஒரு கூட்டாளி இருந்தார் அல்லவா? போன வருஷம் அணியை நடத்துகிறவர்கள் அவரை இவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டார்கள். அன்றிலிருந்து இவர் எறிகிறார், வெல்கிறார், ஆனால் சிரிப்பதில்லை. தன்னையும் விற்றுவிடச் சொல்லி போன வருஷமே கேட்டார். இப்போது கமெராவுக்கு முன்னால் நின்று கேட்டுவிட்டார்.

போன வருஷம் இதே கதையில்தான் நீங்களும் செல்வம் அங்கிளும் சண்டை பிடித்தீர்கள். அஜின்கோர்ட் வீட்டு பேஸ்மென்ட், ஞாயிற்றுக்கிழமை, நீங்கள், உங்கள் கூட்டாளி செல்வம் அங்கிள், நடுவில் நான், மடியில் சித்தியின் மட்டன் ரோல்ஸ். விற்க வேண்டும் என்றார் அங்கிள். வைத்திருக்க வேண்டும் என்றீர்கள் நீங்கள். இருபது வருஷமாக நீங்கள் இரண்டு பேரும் எதிலும் ஒத்துப்போனதில்லை, அதனால் நான் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் அங்கிள் எழும்பி, "உன்னோட மனிசர் ஃபுட்போல் பாப்பினமோ? இனி உந்தப் படியில நான் கால் வைக்கமாட்டன்" என்று சொல்லி, மேல் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். புதன்கிழமை உங்கள் நெஞ்சு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அங்கிள் எல்லாவற்றுக்கும் வந்தார். செத்தவீட்டுக்கு வந்தார், எட்டாம் நாளுக்கு வந்தார், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பந்தியில் நின்று சோறு போட்டார். பனிக்காலம் முழுக்க, சித்தி எழும்ப முதல் வாசலில் பனி தள்ளிவிட்டுப் போயிருப்பார். ஆனால் பேஸ்மென்ட் கதவுப் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார். ஃபுட்போல் என்ற சொல்லை வாயில் எடுக்கமாட்டார். துக்கம், விட்டுவிடுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

நான் விடுகிற ஆளா? எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அங்கிள் திரும்பவும் அந்தப் படியால் இறங்கவேண்டும். தனியாக மட்ச் பார்ப்பது எப்படி இருக்கிறது தெரியுமா சித்தப்பா? சூடில்லாத ரோல்ஸ் மாதிரி. தெரியாத நம்பரில் இருந்து மாப்பிள்ளை அனுப்புவதுபோல அங்கிளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: 'அங்கிள், நீங்கள் பார்க்காமல் எனக்கு எறிய மனம் வருகுதில்லை.' அவர் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டு, 'தம்பி, தமிழ் நல்லா எழுதுறீர்' என்று பதில் போட்டார். பிறகு அந்த நம்பரை மறித்துவிட்டார்.

இனி உங்கள் முதல் வருஷத்து ஆட்டத்திவசத்துக்கு வருகிறேன். திதி சரியாகச் சனிக்கிழமையில் விழுந்தது. ஞாயிறில் விழுந்திருந்தால் மட்ச் குழம்பியிருக்கும், ஆகவே அது உங்கள் ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். யூனியன்வில்லில் இருந்து வருகிற இளம் ஐயர்தான் செய்து வைத்தார். படையலில் சித்தி ரோல்ஸ் வைத்தார், ஆனால் மரக்கறி ரோல்ஸ். மன்னித்துக்கொள்ளுங்கள், மட்டனுக்கு அந்த இலையில் அனுமதி இல்லை. சாப்பிட்டீர்களா, அல்லது காகத்துக்குத் தள்ளிவிட்டீர்களா?

சாப்பாடு முடிகிற நேரம் ஐயரின் மடியில் இருந்து போன் கத்தியது. எடுத்துப் பார்த்தார். மந்திரம் சொல்லும்போது கூட அவ்வளவு கவலை அந்த முகத்தில் இருக்கவில்லை.

"உவரை விடப்போறாங்களாம்" என்றார் ஐயர், ஒருவரையும் பார்க்காமல்.

"ஆரை ஐயா?" என்றேன் நான், உள்ளுக்குள் துள்ளிக்கொண்டு.

"குவாட்டர்பக்கை. வேற அணி ஒண்டு ரெண்டு முதல் தெரிவு தாறமெண்டு கேட்டிருக்காம்."

முதல் தெரிவு என்றால் வாற வருஷம் கல்லூரிகளில் இருந்து வருகிற பெடியன்களில் நல்லவனை முந்தி எடுக்கிற உரிமை என்று பக்கத்தில் இருந்த உங்கள் அக்கா, எங்கள் மாமிக்குச் சொன்னேன். மாமிக்கு ஃபுட்போல் தெரியாது, ஆனால் கல்யாணப் பேச்சுக்கால் தெரியும். இலையை மூடிவிட்டு விசாரணையைத் தொடங்கினார்.

"பெடியனுக்கு வயசென்ன?"

"முப்பத்திரண்டு மாமி."

"வருத்தம் ஏதும்?"

"தோள்மூட்டில ஒரு ஒப்பரேஷன்."

"ஏன் கோவிக்கிறான்?"

"கூட்டாளியைக் கேக்காமல் வித்துப்போட்டினம்."

"அப்ப கோவிக்காமல் சிரிச்சுக்கொண்டே நிக்கிறது? என்ன சனங்களடி உதுகள்" என்றார் மாமி. அந்த ஒரு கேள்வியில் அவர் மாப்பிள்ளை பக்கம் சேர்ந்துவிட்டார். ஐயர் விற்கக்கூடாது என்றார். பாயாசத்தோடு வந்த சித்தி, வாசலுக்குப் போகிற ஆளைக் கையைப் பிடித்து இழுத்தா வைத்திருக்க முடியும் என்று கேட்டார். ஒரு வருஷமாக மெதுவாகக் கதைத்த வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மூலையில் செல்வம் அங்கிள் மட்டும் தன் இலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அப்போதுதான் நான் உங்களை விற்றேன், சித்தப்பா. கோபிக்காதீர்கள்.

"சித்தப்பா இருந்திருந்தா, வித்துத் தள்ளு எண்டுதான் சொல்லியிருப்பார்" என்றேன், நல்ல சத்தமாக. அங்கிளின் கை இலையில் நின்றது. "முதல் தெரிவு கூடக் கேட்டிருக்கமாட்டார். ரெண்டு கிக்கர் தந்தாக் காணும் எண்டிருப்பார்."

தெரியாதவர்களுக்கு: கிக்கர் என்பவர் எப்போதாவது வந்து பந்தைக் காலால் உதைத்துவிட்டுப் போகிறவர். ஓர் அணிக்கு ஒருவர் போதும். இரண்டு கேட்பது ஒரு காலுக்கு இரண்டு சப்பாத்துக் கேட்பது மாதிரி. ஐயர் என்னை ஒரு பாவத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பிள்ளை" என்றார் அங்கிள்.

"ஓம் அங்கிள்."

"அவன் அப்பிடிச் சொல்லேல்லை."

"சொன்னவர் அங்கிள். நான் பக்கத்தில இருந்தனான்."

"நீ போனை நோண்டிக்கொண்டு இருந்தனி."

"ரெண்டு கிக்கர் எண்டு என்ர ரெண்டு காதாலயும் கேட்டனான்."

"விசர்க்கதை கதையாதை. விக்கச் சொன்னது நான். அவன் விடக்கூடாது எண்டு நிண்டவன்."

அங்கிள் எழும்பிவிட்டார். கை கழுவவில்லை, குழம்புக் கையோடேயே நின்று உங்கள் நியாயத்தைச் சொல்லத் தொடங்கினார். முறைக்காக வாங்கில் காத்திருக்கிற அடுத்த பெடியனுக்கு இருபது கெஜத்துக்கு மேல் எறியத் தெரியாது என்று சொன்னீர்களாம். தோளுக்கு வயதானால் என்ன, ஆளைப் பார்க்கிற கண்ணுக்கு வயதாகவில்லை என்று சொன்னீர்களாம். நீங்கள் ஒரு விஷயத்தை நிறுவும்போது கையால் முழங்காலில் தட்டுவீர்களே, அதையும் அவர் தட்டினார். வேட்டியில் குழம்பு.

"கடைசியா ஒண்டு சொன்னவன்" என்றார் அங்கிள். "கோவிக்கிறவனை விடாதை எண்டவன். வெறுத்தவன் சத்தம் போடமாட்டான், சம்பளத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருப்பான். சத்தம் போடுறவன் உந்த இடத்தைத் தன்ர வீடெண்டு நினைக்கிறான் எண்டவன்."

சித்தி பாயாசக் கரண்டியைப் பிடித்தபடி நின்றார்.

"அப்ப நீங்கள் இப்ப என்ன சொல்லுறியள்?" என்று கேட்டார் ஐயர்.

"நான் இப்பவும் விக்கத்தான் சொல்லுறன்" என்றார் அங்கிள். "ஆனா அவன்ர கதையை ஆரும் பிழையாச் சொல்லக்கூடாது."

முதலில் சிரித்தது சித்திதான். பிறகு மாமி, பிறகு ஐயர், பிறகு வீடே. திவசத்தில் இப்படிச் சிரிக்கலாமா என்று ஐயரிடம் கேட்டேன். சாஸ்திரத்தில் தடை இல்லை, இருந்தால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

எல்லாரும் வெளிக்கிட்ட பிறகு, வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டு அங்கிள் என்னைக் கூப்பிட்டார்.

"என்னை நல்லா மாட்டிப்போட்டாய்."

"ஓம் அங்கிள்."

அவர் ஒரு காலில் சப்பாத்தோடும் மற்றக் காலில் இல்லாமலும் நின்றார். "அண்டைக்கு நான் கதவை அடிச்சுச் சாத்திப்போட்டுப் போனனான், பிள்ளை. அதுதான் அவன் என்னட்டைக் கேட்ட கடைசிச் சத்தம்."

சித்தப்பா, ஒரு வருஷம். ஒரு வருஷமாக அந்த மனிதர் இதைத்தான் சுமந்துகொண்டு பனி தள்ளியிருக்கிறார். நாங்கள் துக்கம் என்று நினைத்தோம். ஒருத்தரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கதவு சாத்தின பிறகு கீழே என்ன நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் நான், நான் அதை ஒரு பெரிய விஷயமாக நினைக்கவே இல்லை.

"அங்கிள், கதவு சாத்தினதும் சித்தப்பா என்ன செய்தவர் தெரியுமோ? விழுந்து விழுந்து சிரிச்சவர். பேந்து உங்கட தட்டைப் பாத்தார். 'கோவிச்சுக்கொண்டு போறவன் ரோல்ஸை முழுசாத் திண்டிட்டுப் போவான். உவன் பாதியை வைச்சிட்டுப் போறான். வாற கிழமை மிச்சத்துக்கு வருவான்' எண்டு சொல்லிப்போட்டு, உங்கட பாதியையும் தானே திண்டவர்."

அங்கிள் என்னை உற்றுப் பார்த்தார். நான் செய்த பகிடிகள் எல்லாம் வரிசையில் வந்து நின்றன.

"இதுவும் உன்ர வேலையோ?" என்று கேட்டார்.

"சித்தப்பாவின்ர கதையை நான் மாத்தினா உங்களுக்குத் தெரியும் அங்கிள். இப்பதானே பிடிச்சனீங்கள்."

அவருடைய உதடு அசைந்தது, அந்த வசனத்தை உங்கள் குரலில் சொல்லிப் பார்க்கிறார் போல.

"என்ர பாதியைத் திண்டவனோ" என்றார் கடைசியில். "ஓம். உது அவன்தான்." பிறகு கண்ணைத் துடைத்தார், கழுவியும் குழம்புக் காரம் போகாத கையால், அது எரிந்தது, அதற்கும் உங்களைத்தான் பேசினார்.

அடுத்த நாள் மட்ச் தொடங்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பேஸ்மென்ட் படியில் சத்தம் கேட்டது. அங்கிள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். பின்னால் ஐயர், அணியின் மேற்சட்டையில். அவருக்குப் பின்னால் மாமி, மாப்பிள்ளையை ஒருக்கால் டீவியிலாவது பார்க்கவேண்டுமாம். மாப்பிள்ளை மூன்று முறை பந்தைக் கடைசிக் கோட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார், ஒரு முறையும் சிரிக்கவில்லை. பல்லு வடிவில்லையாக்கும் என்றார் மாமி.

விற்பார்களா இல்லையா என்று இந்தக் கடிதம் எழுதும் வரை தெரியவில்லை. வீட்டில் இப்போது இரண்டுக்கு இரண்டு. அங்கிளும் சித்தியும் விற்கிற பக்கம், ஐயரும் மாமியும் வைத்திருக்கிற பக்கம். என்னைக் கேட்டால் நான் சொல்லமாட்டேன், ஏனென்றால் எனக்கு வேறு வேலை இருக்கிறது.

அது என்ன என்றால், ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் பக்கத்தை நான் கதைப்பேன். சத்தியமாக, ஒரு சொல்லும் மாற்றமாட்டேன் என்றுதான் எழுத வந்தேன். ஆனால் செத்தவர்களிடம் பொய் சொல்லக்கூடாதே. ஒவ்வொரு கிழமையும் ஒன்றையாவது பிழையாகச் சொல்லுவேன், சித்தப்பா. அங்கிள் எழும்பி நின்று, அவன் அப்பிடிச் சொல்லேல்லை என்று உங்களைத் திருத்திச் சொல்லவேண்டும், அதற்காக.

நீங்கள் பெறாமலே வளர்த்த,
உங்கள் பெறாமகள்
ஆரணி