முன் சீட்டில் ஒரு சலுகை அட்டை

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் என் இடது முழங்காலும் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பெண்ணும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்பாய். நான் பாதி சொல்வதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும், அதனால்தான் காகிதம்.

போன வருஷக் கடைசியில் நகரத்தின் நடுப்பகுதியைச் சுற்றி ஒரு கோடு கிழித்து, பகல் நேரத்தில் அதற்குள் ஓடும் கார்களுக்குக் கட்டணம் என்று கொண்டுவந்தார்கள். நெரிசலும் புகையும் குறையும் என்றார்கள். அதற்கு இந்த ஊர் போட்ட கூச்சல் கொஞ்சமில்லை. கீழ்வீட்டுக்காரர், எதற்கெடுத்தாலும் கேஸ் போடுவேன் என்று கிளம்புவாரே அந்தச் சட்டப்புலி, மாடிப்படியில் என்னை நிறுத்திவைத்து, "இனிமே மூச்சு விடுறதுக்கும் காசு கேப்பாங்க பாருங்க" என்றார். நெஞ்சு நோய் வார்டில் முப்பத்தொரு வருஷம் நர்ஸாக இருந்தவளிடம் வந்து சொல்கிறார். சிக்னலில் நின்று கைகாட்டிய போலீஸ்காரர்களும் ரோட்டோரம் பழம் விற்ற பெண்களும் கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன், படுத்தால் மூச்சு முட்டும் அவர்களுக்கு. நல்ல காரியம், இன்னும் முன்னாலேயே செய்திருக்கலாம் என்று சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அதுவும் ஒரு லாபம்.

இனிமேல்தான் கதை. நடக்க முடியாதவர்களுக்கு ஒரு சலுகை அட்டை உண்டு. போட்டோ ஒட்டிய அட்டை, கார் கண்ணாடியில் வைக்க வேண்டும், அட்டைக்காரர் வண்டிக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி மாட்டித் தா என்று உன் பெரியண்ணனிடம் ஏழு மாதம் சொல்லி, கடைசியில் நானே ஆள் வைத்து மாட்டினேன். அப்பேர்ப்பட்டவன் ஒரே நாளில் விண்ணப்பம் வாங்கி, பூர்த்தி செய்து, டாக்டரிடம் முத்திரை குத்தி வாங்கிவிட்டான். மறுவாரம் காலை எட்டு மணிக்கு வாசலில் ஹாரன். "வீட்டுலயே அடைஞ்சு கிடக்கியே, வாம்மா, ஊரைப் பாத்துட்டு வரலாம்" என்றான். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்பா போன பிறகு என்னை யாரும் வெளியே கூப்பிட்டதில்லை. நல்ல துணியாக எடுத்து உடுத்திக்கொண்டு, அவனுக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டிக்கொண்டு இறங்கினேன்.

பார்த்த ஊர் எது தெரியுமா, அவன் ஆபீஸின் கீழ்த்தளத்து வண்டி நிறுத்துமிடம். திரும்பும்போதும் நான் வண்டியில் இருந்தாக வேண்டுமே, அதனால் சாயங்காலம் வரை அங்கேயே இரு என்றான். மேலே வரவேற்பறையில் உட்காரலாம் என்றால், வருகிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்களாம். ஊரெல்லாம் காற்று சுத்தமாகிவிட்டது என்று பேப்பரில் போட்ட அன்று, நான் தரைக்குக் கீழே இரண்டாவது மட்டத்தில் உட்கார்ந்து வருகிற போகிற வண்டியின் புகையையெல்லாம் குடித்து இருமிக்கொண்டிருந்தேன். இரண்டு வாரத்தில் உன் சின்னண்ணனுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கடையும் அந்தக் கட்டணக் கோட்டுக்குள்ளேதானே இருக்கிறது. "அம்மாவை நீ ஒருத்தனே வெச்சிக்கிட்டா எப்படி, எனக்கும் அம்மாதானே" என்று அண்ணனோடு சண்டை. இப்படி ஒரு சண்டைக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன். அப்பா போனபோது என்னை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று மாதம் பேசினார்கள், முடிவே வரவில்லை, அதனால்தான் தனியாக இருக்கிறேன். இதற்கு அரை மணி நேரத்தில் அட்டவணை போட்டு என் பிரிட்ஜில் ஒட்டிவிட்டார்கள். திங்கள் புதன் வெள்ளி பெரியவன், செவ்வாய் வியாழன் சின்னவன்.

ஒரு நாள் பாலத்துச் சிக்னலில் நிற்கிறோம். பக்கத்து வண்டியின் முன் சீட்டில் ஒரு வயதானவர், கண்ணாடியில் அட்டை. ஓட்டுகிற பையன் போனில் பேசிக்கொண்டிருக்கிறான், என் பையனும் போனில்தான். பெரியவர் என்னைப் பார்த்தார், என் அட்டையைப் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் திரும்பினால் அங்கேயும் ஒரு அம்மா, கண்ணாடியில் அட்டை. பஸ்கள் பாட்டுக்கு ஜோராகப் போகின்றன, நெரிசல் என்று மிச்சமிருந்தது நாங்கள்தான். ஊரில் உள்ள நொண்டிகள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் ஆபீஸ் போகிறோம். சிரிப்பு வந்துவிட்டது. என்னம்மா என்று கேட்டான், ஒன்றுமில்லை, நீ பேசு என்றேன்.

அந்தச் சிரிப்பு நின்றது என் காலால்தான். எங்கள் தெருக்கோடியில் காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பெண் இருக்கிறாளே, வாரம் இரண்டு நாள் அவளிடம் போக வேண்டும். "மீட்டிங் இருக்கும்மா, பயிற்சியை அடுத்த வாரம் வெச்சுக்கலாமே" என்று சொல்லிச் சொல்லி ஐந்து வாரம் போய்விட்டது. முழங்கால் கட்டையாக இறுகிவிட்டது. இப்படியே விட்டால் இனி மடங்காது என்று அவள் கோபமாகச் சொன்னாள். அதை இவர்களிடம் சொன்னால், பெரியவன், "அப்ப அட்டையைப் புதுப்பிக்கறதுல பிரச்னை இருக்காது" என்றான். விளையாட்டுக்குச் சொன்னானாம். என் வயிற்றில் பிறந்தவன்.

மறுநாள் இரண்டு பஸ் மாறி அந்த அலுவலகத்துக்குப் போய் அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். கவுன்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "தொலைஞ்சு போச்சுன்னுதான் எல்லாரும் வருவாங்க, வேண்டாம்னு யாரும் வந்ததில்லையேம்மா" என்றாள். காரணம் எழுதச் சொன்னாள். என் காலை நானே உபயோகித்துக்கொள்ளப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தொன்பது நாளாகிறது. எட்டு மணிக்கு ஹாரன் இல்லை, பெரியவனும் வரவில்லை சின்னவனும் வரவில்லை. வலிக்கிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயிற்சிக்குத் தவறாமல் போகிறேன், நேற்று கொஞ்சம் மடங்கியது.

இந்த நிலையில்தான் உன் செய்தி வந்தது. நாலு வருஷம் கழித்து வருகிறாய் என்றதும் கண்ணில் தண்ணீர் வந்து மேற்கொண்டு படிக்க முடியவில்லை. துடைத்துக்கொண்டு படித்தேன். பத்து நாளும் வாடகைக் கார் எடுக்கிறோம், தினமும் நகரத்துக்குள் போவோம், நீயும் கூடவே வாம்மா, மறக்காமல் அந்த அட்டையை எடுத்து வை என்று எழுதியிருக்கிறாய். அண்ணன்மாரில் யாரோ அட்டை இருப்பதைச் சொல்லியிருக்கிறார்கள், இல்லாமல் போனதைச் சொல்லவில்லை. அவர்களைத் திட்டி இத்தனை எழுதினேன், உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று தெரியவில்லை. கூட வா என்றது என்னையா அட்டையையா என்று நான் கேட்கப் போவதில்லை, நீயும் பதில் சொல்ல வேண்டாம். இரண்டு நாள் இந்தக் கடிதத்தை எழுதாமல் வைத்திருந்தேன். அட்டை இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நீ எப்படியும் வந்துவிடுவாய், வாசலில் வைத்துச் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அப்படி உன்னை வரவழைத்தால் உன் அண்ணன்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

உன் அறையைத் துடைத்து மெத்தையை வெயிலில் போட்டிருக்கிறேன். குட்டிக்குக் காதில் காற்றுப் படாமல் பார்த்துக்கொள், மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதைப் படித்த பிறகும் வருவதாக இருந்தால், எந்தத் தேதி என்று எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா