உங்கள் தம்பி சொன்ன ஓகே

என் ஆசை மச்சானுக்கு ஸலாம்.

நீங்கள் எந்த மண்ணில் கிடக்கிறீர்களோ தெரியாது. புவனகிரியில் நம் வீட்டில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

நான் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள். நாலு மாசம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்து முடித்த கையோடு அண்ணாமலை நகரில் சேர்ந்துவிட்டேன். "புருஷன் மவுத்தான வூட்ல இங்கிலீஷ் ஒண்ணுதான் கேடு" என்றார்கள் உங்கள் அம்மா. சொல்லட்டும்.

நீங்கள் இறந்த அன்று, நீங்கள் வேலை பார்த்த வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. நான் மயங்கிக் கிடந்தேன், உங்கள் தம்பி சலீம்தான் எடுத்தான். அங்கேயே அடக்கம் செய்துவிடலாமா என்று கேட்டு, "கோ அஹெட்?" என்றிருக்கிறார்கள். "ஓகே சார், ஓகே சார்" என்றிருக்கிறான் உங்கள் தம்பி. புரியவில்லை என்று சொன்னால் அவன் மானம் கப்பலேறிவிடுமே! "எல்லாத்தையும் நான்தான் இங்கிலீஷ்லயே பேசி முடிச்சேன்" என்று இன்றைக்கும் கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

உங்கள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை, மச்சான்.

உங்களை அடக்கிய கபுர் எங்கே என்று கேட்கக் கடலூர் கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்தேன். "கம்பெனிக்கே மெயில் போடும்மா" என்று அனுப்பிவிட்டார்கள். போட்டேன். பதிலில் ஒரே 'லுக்கிங் இன்டு', 'கெட் பேக் டு யூ'. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகத் தெரிந்ததுதான். சேர்ந்து வந்தால் ஒன்றும் விளங்கவில்லை. அதற்காகத்தான் இந்த கிளாஸ்.

கிளாஸில் காலேஜ் பிள்ளைகள் 'ரன் அவுட்' என்றால் வண்டியில் பெட்ரோல் தீர்வது, 'கிவ் அப்' என்றால் சிகரெட்டை விடுவது என்று உதாரணம் சொல்கிறார்கள். 'லுக் இன்டு' என் முறைக்கு வந்தது. கம்பெனி மெயிலை அப்படியே ஒப்பித்தேன்.

"கரெக்ட்மா. விசாரிக்கிறாங்கன்னு அர்த்தம்" என்றார் மிஸ்.

"இல்ல மிஸ், விசாரிக்கலன்னு அர்த்தம்" என்றேன். அவர் அடுத்த பிள்ளையிடம் போய்விட்டார்.

கல்யாணமான புதிதில் நானும் இங்கிலீஷ் படிக்கிறேன் என்று உங்களிடம் கேட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? "உனக்கெதுக்கு புள்ள அதெல்லாம்? அதான் சலீம் இருக்கான்ல" என்றீர்கள். இருந்தான், மச்சான். நல்லாவே இருந்தான். உங்கள் மேலும்தான் எனக்குக் கோபம். செத்தவர் மேல் கோபப்படலாமா? யாரிடம் போய்க் கேட்பது?

நேற்று நானே போன் போட்டேன். எடுத்த பெண், "வி வில் கெட் பேக் டு யூ" என்றாள். "நோ மேடம், ஐ வில் ஹோல்ட் ஆன்" என்றேன். ஏதோ பாட்டைப் போட்டுவிட்டுப் போனாள். பாட்டு முடிந்து லைனும் கட்டானது. இன்றைக்கும் போட்டேன், நாளைக்கும் போடுவேன்.

உங்கள் கபுரின் தலைமாட்டில் வந்து நின்று அல்லாஹ்விடம் துஆ கேட்காமல் விடமாட்டேன், மச்சான். அதுவரை யார் என்ன கேட்டாலும், புரியாமல் ஓகே சொல்லமாட்டேன். இது சத்தியம்.

உங்கள் பொஞ்சாதி,
மும்தாஜ்