சம்பந்தி வீட்டுக்கு ஆப்கானி சிக்கன்

12, வெள்ளி

காலையிலிருந்து புழுக்கம். மழை வருவது போல இருட்டி, ஏமாற்றிவிட்டது.

ஞாயிறு மதியம் ரிஹானாவின் அம்மா அப்பா சாப்பிட வருகிறார்கள். மகன் கார்த்தி அவளைப் பதிவுத் திருமணம் செய்ததிலிருந்து அந்த வீட்டு ஆள் ஒருவர்கூட இந்த வாசலை மிதித்ததில்லை. மருமகளுக்கு இப்போது ஏழாம் மாதம். போனில் அழுது வரவழைத்திருக்கிறாள். ஞாயிறு ஏதாவது கோணலானால், பிரசவத்துக்கும் தாய் இல்லாமல் கிடப்பாள் இந்தப் பெண்.

அவள் அப்பாவுக்கு ஆப்கானி சிக்கன் என்றால் உயிராம். சவூதியில் இருந்தபோது பழகியது. ரி. வீடியோ காட்டினாள். மிளகாய்த்தூள் இல்லை, மஞ்சள் இல்லை, வெள்ளை வெளேர் என்று. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாமே, கோழியில தயிர்சாதம் கிளறப் போறியா?" என்றார்.

வாங்க: முந்திரி, க்ரீம், கசூரி மேத்தி (காய்ந்த வெந்தயக்கீரையாம்), புதினா, கால்மிதி.

13, சனி

இவர் தென்னேரி கிராமத்துக்குப் போய், தன் தம்பி பண்ணையில் கோழி பிடித்து, தானே அறுத்துச் சுத்தம் செய்து கொண்டுவந்தார். முகமெல்லாம் பெருமை. "சம்பந்திக்குப் போய் கடைக்கோழி போடுவாங்களா?"

வெங்காயம், கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், இஞ்சி, பூண்டு, முந்திரி. வழுவழுவென்று அரைத்தேன். தயிர், க்ரீம், மிளகுத்தூள், எலுமிச்சை. கசூரி மேத்தியைக் கையில் கசக்கி. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது. மூடி ஃப்ரிட்ஜில். ராத்திரி முழுக்க ஊற வேண்டும்.

ரி. ஆபீஸிலிருந்து வந்ததும் படுத்துவிட்டாள். கால் வீக்கம்.

14, ஞாயிறு

காலை. ரி. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "சூப்பரா இருக்குது அத்தை. பாய் கடையா?"

"இல்லமா. தென்னேரி. மாமாவே அறுத்து எடுத்தாந்தாரு."

மூடியைப் பிடித்த கை அப்படியே நின்றது.

எங்களுக்கு எப்போதும் தெருமுனை பாய் கடைதான். அதனால் ஹலால் என்ற பேச்சே இந்த வீட்டில் எழுந்ததில்லை. நானும் யோசிக்கவில்லை. மரமண்டை.

"பரவால்ல அத்தை. கேட்டா பாய் கடைன்னு சொல்லிடலாம்." என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இவருக்குச் சுருக்கென்று கோபம். "நான் அறுத்தா இன்னா, விஷமா? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே அவங்க தட்டுல எப்படி வெப்பேன்?" கத்திவிட்டேன். கார்த்தியை பாய் கடைக்கு விரட்டினேன். ஊறியது எங்களுக்கு, நாளைக்கு. முந்திரி தீர்ந்துவிட்டது. இருந்த தயிர், மிச்ச க்ரீம், எதற்கும் சந்தேகம் வேண்டாமென்று பரணிலிருந்து புது வாணலி. இவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசலில்.

மாலை.

வந்தார்கள். பழம், மல்லிகைப்பூ. தட்டு வைத்தேன். ரி. அம்மா சோறும் ரசமும் மட்டும். சிக்கனை நீட்டினால், "வேணாம்மா, வயிறு சரியில்ல." அப்பாவோ அப்பளத்தையே உடைத்துக்கொண்டிருந்தார். ரி. தலையைத் தூக்கவில்லை.

திடீரென்று இவர் வாயைத் திறந்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

"பாய் கடைக் கோழிதாம்மா. காலையில புள்ள வாங்கியாந்தான். நான் அறுத்தது ஃப்ரிட்ஜ்ல இருக்குது. உங்களுக்கு வெக்கக் கூடாதுன்னு இவ சண்ட போட்டுட்டா."

ரி. அம்மா என்னையே பார்த்தார். பிறகு தட்டை நீட்டினார். "கேக்கக் கூச்சமா இருந்திச்சு."

அப்பா ஒரு துண்டு மென்றுவிட்டு, "ஊறலையே சம்பந்தி" என்றார்.

"சும்மா இருங்க!" என்று அவரை அதட்டிவிட்டு, அந்த அம்மா குரலை இறக்கி என்னிடம் கேட்டார்: "பிரசவத்துக்குப் புள்ளய எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களாமா?"

நான் பயந்ததையே அவரும் பயந்துகொண்டு வந்திருக்கிறார். இன்னொரு துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.