‘கேட்டேன்’ என்றொரு கட்டம்

ஜனவரி 9

நோட்டே, இந்த நேரத்தில் உன்னைத் திறந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. மணி பன்னிரண்டரை. பகலில் எழுதலாம் என்றுதான் இருந்தேன். பகல் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் பேக்கரிக்குக் கிளம்பி இரண்டு மணி நேரமாகிறது, விடிந்துதான் வருவார், முழங்கை வரை மாவோடு. எங்கள் மகள் சுண்டெலி தூங்குகிறாள். ஏழு மாதம் முடிந்துவிட்டது. இந்த நாலு வரி எழுதுவதற்குள் மூன்று தடவை போய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டேன். மூச்சு வருகிறது. வராமல் எங்கே போகும்? தெரியும். இருந்தாலும்—

சரி, விஷயத்துக்கு வருகிறேன். டாக்டர் அக்காவிடமிருந்து கணிப்புத் தாள் வந்துவிட்டது.

பெரிய சினிமா விருது அறிவிக்கும் முன்னால் யார் யாருக்குக் கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்கிற ஆறு பேர் நாங்கள். ஞாயிறு மதியம் அக்காவின் பல் ஆஸ்பத்திரியில், நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் கூடுவோம். பன்னிரண்டு விருது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு வரியில் காரணம். அதிகம் சரியாகச் சொன்னவருக்கு அடுத்த ஒரு வருடம் உள்ளே இருக்கும் பல் பார்க்கும் நாற்காலி. அதில் சாய்ந்துகொண்டு பேசலாம். மற்றவர்கள் கூடத்துப் பிளாஸ்டிக் நாற்காலியை உள்ளே இழுத்துப்போட்டுச் சுற்றி உட்கார வேண்டும். இரண்டு வருடமாக அது என் நாற்காலி. போன வருடம் வயிற்றில் இவளோடு ஏறினேன். குழுவில் இருக்கும் டெய்லர் அண்ணன் பெடலை மிதித்து மெதுவாக இறக்கிவிடுவார், ஏதோ கப்பலை இறக்குகிற மாதிரி.

ஆனால் தாளின் அடியில் ஒரு பட்டியல் உண்டு. போட்டியில் உள்ள பத்தொன்பது படத்துக்கும் நேரே ‘பார்த்தேன்’ என்று ஒரு கட்டம். எல்லாவற்றிலும் டிக் இல்லாவிட்டால் தாள் செல்லாது. தாள் செல்லாவிட்டால் குழுவில் இடமும் போய்விடும். வெளியே மூன்று பேர் காத்திருக்கிறார்கள்.

நான் பார்த்தது நான்கு. எல்லாம் இவள் பிறக்கும் முன்பு.

ஜனவரி 11, ஞாயிறு

சுண்டெலியைத் தூக்கிக்கொண்டு போனேன். நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கள் குழுவின் கடைக்குட்டி ஆரம்பித்துவிட்டான். படம் பார்த்து வீடியோ போடுகிறவன், அதனால் அவன் பெயரே ‘ரிவ்யூ’.

“அக்கா, இந்த வருஷம் நீங்க ரெஸ்ட் எடுங்களேன். நாற்காலிய நான் பாத்துக்கறேன்.”

டெய்லர் அண்ணன் விடவில்லை. “நீ நாற்காலிய பாத்துக்கிட்டா படத்த யாருடா பாப்பாங்க?”

சிரிப்புக்கு நடுவில் சுண்டெலி டாக்டர் அக்காவின் விரலைக் கடித்தாள். அக்கா அலறினார். “பல்லு! கீழ்ப்பல்லு வந்திருக்குடி! பெத்தவ கண்ணுக்குத் தெரியல, என் கைக்குத் தெரியுது!” பெருமையாகவும் இருந்தது, சுருக்கென்றும் இருந்தது. நான் எப்படிக் கவனிக்கவில்லை?

கிளம்பும்போது அக்கா தனியாகச் சொன்னார்: “உனக்காக விதிய மாத்தினா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க. பிப்ரவரி எட்டுக்குள்ள பாத்துடு கண்ணு.”

பாத்துடு. சொல்லிவிட்டார்.

ஜனவரி 14

படமெல்லாம் போனிலேயே கிடைக்கிறது. கிடைத்து என்ன? ராத்திரி அவள் மூச்சைப் பார்க்க ஓடுவதற்கே நேரம் சரியாகிவிடுகிறது. மதியம் அவள் என் மார்மேல் படுத்தால்தான் தூங்குவாள். திரையின் வெளிச்சம் கன்னத்தில் பட்டதும் கண்ணைத் திறந்துவிடுகிறாள். குறைத்துப் பார்த்தேன். துண்டால் மூடிப் பார்த்தேன். கடைசியில் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டேன். இன்னொரு காது அவளுக்கு.

முழுப்படமும் அப்படியே ஓடியது.

ஜனவரி 19

ஐந்து படம் ஆகிவிட்டது. இன்றைக்கு ஒரு சண்டைப்படம். நாற்பது நிமிடம் வெறும் டமால் டுமீல். யார் அடித்தார்கள், யார் விழுந்தார்கள், கடவுளுக்கே வெளிச்சம். இசைக்காரர் மட்டும் மூச்சு விடாமல் உழைத்திருக்கிறார்.

பேக்கரியிலிருந்து வந்த அவர் சட்டையை உதறிக்கொண்டே கேட்டார், “படம் எப்படி?”

“இருட்டா இருந்துச்சு.”

சிரித்தவர் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனார்.

ஜனவரி 24

‘ஈரச் சுவர்’ கேட்டேன். சித்தாள் ஒருத்தி கொத்தனாராகும் கதை. சிறந்த நடிகை விருது அந்தக் கதாநாயகிக்குத்தான் என்று ஊரே சொல்கிறது. சும்மா சொல்லவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் முன்னால் மூக்கால் ஒரு மூச்சு இழுக்கிறாள். சின்னதாகத் தட்டி நிற்கிற மூச்சு, செங்கல்லைத் தூக்கும் முன்னால் இழுப்போமே, அது. ஒன்றரை மணி நேரம் அந்த மூச்சைத்தான் பிடித்துக்கொண்டு போனேன்.

கடைசி அரை மணி நேரத்தில் அது இல்லை.

அதே குரல்தான், அதே இழுவைதான். ஆனால் மூச்சு வாய் வழியாக வருகிறது. சத்தமே காட்டாமல், லேசாக. நான் விடுகிற மாதிரி. மார்மேல் இவள் தூங்கும்போது மூக்கால் விட்டால் உச்சந்தலையில் காற்றுப் பட்டு முழித்துக்கொள்கிறாள், அதற்காக நான் பழகிக்கொண்டது அது.

வேறு ஆள். இது வேறு ஆள்.

ஜனவரி 25

மூன்று தடவை திரும்பக் கேட்டேன். அவர் காதிலும் மாட்டிவிட்டேன்.

“ரெண்டும் ஒரே பொம்பளதான்.”

“இல்லங்க, மூச்ச கேளுங்க.”

“வசனத்த கேக்கவே எனக்குத் தூக்கம் சொக்குது, மூச்ச வேற கேக்கணுமா?” அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “நீயும் கொஞ்சம் தூங்கேன்” என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பயமாகிவிட்டது. தூக்கம் கெட்டு இல்லாததெல்லாம் கேட்கிறதோ? ராத்திரி முப்பது தடவை விரல் வைத்துப் பார்க்கிறவளுக்குப் புத்தி சரியாக இருக்கிறதென்று யார் சொல்ல முடியும்?

பிப்ரவரி 3

பத்தொன்பதும் முடிந்தன. நான்கு பார்த்தது, பதினைந்து கேட்டது.

பிப்ரவரி 7

தாள் எதிரில் இருக்கிறது. பதினைந்து டிக். அவ்வளவுதான். கவிழ்த்து வைத்த போனை யார் பார்த்தார்கள்? போட்டுவிட்டால் இடம் தங்கும். டாக்டர் அக்காவுக்குச் சங்கடம் இல்லை, எனக்கும் நிம்மதி.

நிம்மதியா? அந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பார்க்காத படத்தைப் பற்றி ஒரு வருடம் வாய் கிழியப் பேசுவதா? சண்டைப்படத்தில் ஹீரோ போட்ட சட்டை என்ன கலர் என்று டெய்லர் அண்ணன் கேட்டால்?

பதினைந்து இடத்தில் ‘பார்த்தேன்’ என்பதை அடித்துவிட்டு ‘கேட்டேன்’ என்று எழுதினேன். கை வலித்தது.

சிறந்த நடிகைக்கு ‘எட்டாவது ஜன்னல்’ நாயகி. காரணம்: “‘ஈரச் சுவர்’ கடைசி அரை மணி நேரம் வேறொருவர் குரல். இரவல் குரலுக்கு இந்த விருது இதுவரை போனதில்லை.”

எழுதியாகிவிட்டது. இனி நடப்பது நடக்கட்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

டாக்டர் அக்கா தாள்களைச் சத்தமாக வாசித்தார். மற்ற ஐந்து பேரும் ‘ஈரச் சுவர்’. லைப்ரரியில் வேலை பார்க்கும் புருஷனும் பெண்டாட்டியும்கூட. ஒரே வீட்டில் இருந்துகொண்டு வருடா வருடம் வேறு வேறு பெயர் எழுதிச் சண்டை போடுகிறவர்கள், இந்த ஒன்றில் ஒற்றுமை. என் தாளை வாசித்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

ரிவ்யூதான் முதலில். “கேட்டேனா? அக்கா, இது என்ன ரேடியோ நாடகமா? நான் தியேட்டர்லயே ரெண்டு தடவ பாத்தேன். உதட்டுக்கும் குரலுக்கும் அப்படிப் பொருந்துது.”

“பொருந்தும். நல்லா பேசியிருக்காங்க. ஆனா அவங்க இல்ல.”

“யாரு சொன்னா?”

“என் காது.”

“புள்ள பெத்தவ காதுக்கு எல்லாம் கேக்கும்” என்று லைப்ரரிக்கார அண்ணன் முணுமுணுத்தார். பெண்டாட்டி தொடையில் கிள்ளினார், சத்தம் கேட்டது. அதுவும்தான் கேட்டது!

டாக்டர் அக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: “பொய் டிக் போடாம குடுத்திருக்கா பாரு, அது பெரிசு. ஆனா தாள் செல்லாது. இடத்தப் பத்தி விருது முடிஞ்சதும் பேசலாம்.” என் தாளைத் தனியாக, பல் தேய்க்கும் முறையைக் காட்டும் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் குத்திவைத்தார்.

வரும் வழியெல்லாம் அழுதேன். சுண்டெலி என் கன்னத்தை நக்கினாள். உப்பு பிடித்திருக்க வேண்டும்.

பிப்ரவரி 15

போகவில்லை. சளி என்று செய்தி அனுப்பினேன். யாருக்குச் சளி என்று எழுதவில்லை.

பிப்ரவரி 22, ஞாயிறு

இவளை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும். பரவாயில்லை.

“போயிட்டு வா, இன்னிக்கி லீவு போட்டிருக்கேன், நானும் வரேன்” என்று அவர்தான் இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்பத்திரிக் கூடத்து டிவியில் விழா. அவர் மடியில் சுண்டெலி. ஒவ்வொரு விருதாக வந்தது. என் கணிப்பில் ஒளிப்பதிவு தப்பு. ஒலிப்பதிவு சரி. இசை சரி, டமால் டுமீல் ஆள்தான்.

சிறந்த நடிகை: ‘ஈரச் சுவர்’.

ரிவ்யூ நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தான். டெய்லர் அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் காது அடைத்துப்போனது. தோற்றது போகட்டும். அப்படியானால் எனக்குக் கேட்டதெல்லாம் என்ன?

அந்த அம்மா மேடையேறி மைக்கைப் பிடித்தார். மூக்கால் மூச்சை இழுத்தார். தட்டி நின்றது. அதே மூச்சு.

“படப்பிடிப்பு முடிஞ்சு டப்பிங் பேசிக்கிட்டிருந்தப்போ எனக்குத் தொண்டையில ஆபரேஷன். கடைசி அரை மணி நேரம் என் குரல் இல்லீங்க. இன்னொருத்தங்க பேசிக் குடுத்தாங்க. படத்துல அவங்க பேர் வரல. வேணும்னா இத திருப்பி வாங்கிக்கங்க, ஆனா அவங்க பேரச் சொல்லாம நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது.”

பெயரைச் சொன்னார். இதுவரை யாரும் கேள்விப்படாத பெயர்.

டாக்டர் அக்கா எழுந்து போய், பல் தேய்க்கும் படத்துக்குப் பக்கத்திலிருந்த என் தாளை எடுத்தார். காரணத்தை மறுபடி வாசித்தார், ஒவ்வொரு சொல்லாக. லைப்ரரிக்கார அண்ணன் தன் காதைத் தானே திருகிக்கொண்டார். டெய்லர் அண்ணன், “இருபது வருஷமா திரையில தையலப் பாத்து நடிகைக்கு அளவு சொல்றவன் நான். மூச்சுக்கு அளவு எடுத்தவள இன்னிக்கித்தான் பாக்கறேன்” என்றார்.

என் வீட்டுக்காரர் சுண்டெலியின் கையைப் பிடித்துத் தட்டவைத்தார்.

நாற்காலி ரிவ்யூவுக்கு. பன்னிரண்டில் ஒன்பது, நியாயமாக ஜெயித்தான். செல்லாத என் தாளில் ஏழு. கிளம்பும்போது பக்கத்தில் வந்து, “அக்கா, எப்படிக்கா?” என்று கேட்டான்.

“ஏழெட்டு மாசமா ராவும் பகலும் மூச்சு மட்டும்தான்டா கேக்கறேன்.”

சொல்லும்போது என் குரலில் வெட்கம் இல்லை. நானே கவனித்தேன்.

பிப்ரவரி 23

நேற்று ராத்திரி ஒரே ஒரு தடவைதான் விரல் வைத்துப் பார்த்தேன்.

மார்ச் 4

தபாலில் அடுத்த வருடத் தாளின் மாதிரி வந்தது. படங்களின் பெயருக்கு இன்னும் இடம் காலி. எதிரே இரண்டு கட்டம்: ‘பார்த்தேன்’, ‘கேட்டேன்’. அடியில் டாக்டர் அக்காவின் கோழிக்கிறுக்கல்: “இடம் உன்னோடதுதான். ஓட்டெடுப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள், ரிவ்யூ இரண்டு கையையும். பல் அடைக்க வந்த ‘ஈரச் சுவர்’ ஒலிப்பதிவுக்காரரிடம் அந்தக் குரல்காரரின் முகவரி வாங்கியிருக்கிறேன். வாயைத் திறந்து வைத்திருந்ததால் எழுதித்தான் கொடுத்தார்.”

கடிதம் எழுதிவிட்டேன். நாளைக் காலை தபாலில் போகிறது. ஒரு நகல் இங்கே.

“அன்புள்ள அக்காவுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. ‘ஈரச் சுவர்’ படத்தை நான் பார்க்கவில்லை, கேட்டேன். கடைசி அரை மணி நேரம் பேசியது நீங்கள் என்று மேடையில் சொல்லும் முன்பே, அது வேறு ஒருவர் என்று எழுதிக் கொடுத்திருந்தேன். இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு நீங்கள் ஒருநாள் வர வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். அந்த மூச்சை வாயால், அவ்வளவு மெதுவாக விட்டீர்களே, அப்போது உங்கள் மேல் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்ததா?

சீக்கிரம் பதில் போடுங்கள்.”