கல்லின் மினுக்கம்

16.8.1966, செவ்வாய்

இன்று நடந்ததை, என் பிழையையும் சேர்த்து, உள்ளபடியே எழுதப்போகிறேன்.

கிணறு வெட்டும்போது கறுப்புக் கல் வந்ததும், "உதுக்குக் கீழ மண்ணெண்ணெய் இருக்கும் அப்பா" என்று சொன்னவள் நான்தான். அப்பா அதை நம்பி வெட்டுவதை நிறுத்திவிட்டார். இரண்டு கிழமையாக அம்மா குளத்திலிருந்து தண்ணீர் சுமக்கிறார்.

ஒட்டுசுட்டானில் தங்கியிருக்கும் நில ஆய்வு அதிகாரியிடம் கல்லைக் கொண்டுபோனோம். மினுங்கினால்தான் நல்ல கல் என்று வாசித்திருந்தேன். அதனால் புறப்படமுன் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிவிட்டேன். அதிகாரி அதை மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

"தங்கச்சி, கல்லுக்கும் எண்ணெய் வைச்சுத் தலை வாரி இழுத்தனீரோ?"

அப்பாவும் சிரித்துவிட்டார்.

அவர் கல்லைத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்து எனக்கும் காட்டினார். உள்ளே பழங்கால மரத்துணுக்குகள் மங்கலாகத் தெரிந்தன. பூமியின் சூட்டில் நன்றாக வெந்திருந்தால் அவை வெளிச்சத்தைப் பளிச்சென்று திருப்பி அனுப்புமாம்.

"இது வேகாத கல், அண்ணை. எண்ணெய் உண்டாகியிராது."

அப்பா கல்லைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு, "அப்ப கிணத்தை வெட்டலாம்தானே ஐயா?" என்று கேட்டார்.

"ஓம், தாராளமா வெட்டுங்கோ."

சைக்கிளில் வரும்போது அப்பா என்னை ஏசவே இல்லை. "வேற என்னென்ன வாசிச்சனீ, சொல்லு" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விடிய அப்பா கிணற்றில் இறங்குவார். நானும் மண்வாளி இழுப்பேன். அம்மா லாம்பை நூர்த்துவிட்டார், இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.