கோமதியின் கோட்டில் ஆண் பூச்சிகள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். கம்பெனி பஸ் மணவாள நகருக்கு இருபது நிமிஷம் லேட். மாவு குடோனில் பொறி எண்ணும் நாள். பொறி 3: ஒன்பது. பொறி 7: பதினாலு. எல்லாம் ஆண். பொறிக்குள் வைக்கிற லூர், அந்த ரப்பர் துண்டு, பெண் பூச்சி வயிற்று நுனியிலிருந்து விடும் வாசனை ஊறியது. ஆணைத் தவிர எது வரும்?

தரையில் பொறுக்கியவற்றை, லேபில் என்னோடு வேலை செய்யும் கோமதி ஆண், பெண் என்று பிரித்தாள். வழக்கம்போலத் தப்பு. பின் இறக்கையில் ஒரே முள் இருந்தால் ஆண் என்று எழுதியிருக்கிறாள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். இந்த மாவு அந்துப்பூச்சியில் பெண்ணுக்கும் ஒரே முள்தான். முன் இறக்கையின் அடியில், ஓரத்து மடிப்புக்குள், மயிர்க்கற்றை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆணுக்கு வாசனை அங்கே. நான் திருத்தவில்லை. அவள் கையெழுத்தோடு அப்படியே போகட்டும்.

மேனேஜர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். பரவாயில்லையாம், கற்றுக்கொள்வாளாம். நாலு வருஷத்தில் எனக்கு ஒரு பரவாயில்லை கிடைத்ததில்லை.

லேபில் ஒரே ஒரு இடம்தான் பர்மனென்ட். நான் நாலு வருஷம் கான்ட்ராக்ட். அவள் எட்டு மாசம். புருஷன் போன வருஷம் லாரியில் அடிபட்டுச் செத்தான் என்று ஊரே அவளுக்கு உச்சுக் கொட்டுகிறது. பாவம் பார்த்துத் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் போல.

வாங்க: தேங்காய் எண்ணெய், செருப்புக்குப் பசை.

ஆகஸ்ட் 6, புதன்

மேகம் கூடி, ஏமாற்றிவிட்டுப் போனது.

உயிரோடு ஒரு பூச்சி. லென்ஸ் வைத்து அந்த முள்ளை நறுக்கினேன். முன் இறக்கையையும் பின் இறக்கையையும் ஒன்றாக மாட்டி வைப்பது அதுதான். போனதும் இரண்டும் தனித்தனியாக அடித்துக்கொண்டன. மேசையில் கோணல்மாணலாக ஒரு சுற்று, விழுந்தது. வேலைக்குத் தேவையே இல்லை. பார்க்க நன்றாக இருந்தது.

லூர் மாற்றும் நாளும் இன்றுதான். க்ளவுஸ் இல்லாமல் தொடக் கூடாது. முதல் வருஷம் வெறுங்கையால் தொட்டுவிட்டேன். மூன்று வாரம், எத்தனை சோப்பு போட்டும், குடோனுக்குள் போனால் பூச்சிகள் கையில் வந்து உட்கார்ந்தன.

புதுசு ஒன்று கூடுதலாக எடுத்தேன். க்ளவுஸோடுதான். கோமதி சாப்பிடப் போயிருந்தாள். அவள் கோட்டு ஆணியில். காலர், இரண்டு கை ஓரம், பாக்கெட். அழுத்தித் தேய்த்தேன்.

எழுதும்போதும் வெட்கமாக இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வந்தன. குடோனில் அவள் காலரில் மூன்று, கையில் ஒன்று. உட்கார்ந்த இடத்திலேயே இறக்கையைப் படபடவென்று விசிறின. தட்டிவிட்டுக் கத்துவாள் என்று பார்த்தேன். அசையாமல் நிற்கிறாள்.

"யக்கா, வேற யாரு மேலயும் குந்தல. என்னயே தேடிகினு வருது. இது ஆணா பொண்ணா, பாத்து சொல்லுக்கா. கொன்னுடாத."

குழாயில் போட்டு ஃப்ரிட்ஜில் ஐந்து நிமிஷம். மயங்கியதும் லென்ஸ் அடியில் வைத்தேன். பார்க்கவே வேண்டாம், தெரியும். மயிர்க்கற்றை இருந்தது. ஆண் என்றேன்.

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். ஒரு வருஷமாகக் கனவில்கூட வராத புருஷன் இப்போதுதான் தேடி வந்திருக்கிறானாம். சிரிப்பு வந்தது, இருமலாக்கிக்கொண்டேன். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சொன்னால் என் கதை என்ன ஆகும்?

மயக்கம் தெளிந்ததை மறுபடி குடோனுக்குள்ளேயே பறக்கவிட்டாள். பூச்சி பிடிக்கச் சம்பளம் வாங்குகிறவள்! இவ்வளவு செய்வாள் என்று நானே நினைக்கவில்லை.

தயிர் சாதத்துக்கு ஊறுகாய் மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மாவு வாங்கும் கம்பெனியிலிருந்து ஆடிட். பேக்கிங் லைன் பக்கத்தில் எல்லாரும் நிற்க, கோமதி கோட்டில் நாலு பூச்சி. ஆடிட்டர் அடிக்கச் சொன்னார். அவள் ஒன்றைக் கைக்குள் பொத்திக்கொண்டாள். அடிக்க மாட்டேன் என்று தலையாட்டினாள். மேனேஜர் முகம் செத்துப்போனது.

வீட்டிலிருந்து பூச்சி கொண்டுவருகிறாள் என்று முடிவு. சாயங்காலமே கேட் பாஸை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். வேலையைக் கேட்கவில்லை. கோட்டை மட்டும் கொடுங்கள் என்று கெஞ்சினாள். கம்பெனி சொத்து, நான் ஒப்படைக்கிறேன் என்று உருவிக்கொண்டேன். வெந்நீர், சலவை சோடா, மூன்று அலசல். அப்படியும் நம்பிக்கை இல்லாமல் பாய்லர் நெருப்பில் போட்டேன்.

பஸ்ஸில் அவள் சீட் காலி. பையை வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

தூறல். ஆர்டர் கையில். பர்மனென்ட். லட்டு கொடுத்தேன். மேனேஜர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் குடோனில் பொறி எண்ணும்போது கோமதி போன். யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் உழைப்புக்குக் கிடைத்தது என்று வாழ்த்துகிறாள். குரலில் கொஞ்சமும் வயிற்றெரிச்சல் இல்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. வைத்துவிடுவாள் என்று பார்த்தால் தயங்கினாள்.

"இங்க ஊட்டாண்ட ஒண்ணுகூட வரலக்கா. என்ன வேலய உட்டு அனுப்பினது அவருக்கு இன்னா தெரியும்? அங்கயே தேடிகினு இருப்பாரு. திருவாலங்காட்டு ஊட்லதான் இருக்கேன்னு சொல்லிடுக்கா."

சொல்கிறேன் என்றேன்.

"இப்ப எதுனா பறக்குதா அங்க?"

மூட்டைகளுக்கு மேலே ஐந்தாறு. பறக்கிறது என்றேன்.

"இப்பவே சொல்லுக்கா. நான் கேட்டுகினு இருக்கேன்."

சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. சத்தமாகச் சொன்னேன்.