மூன்றாம் ஓலைக்கு முன்

பாளையங்கோட்டை,
1912 ஆகஸ்டு 12, திங்கள்

மரியாதைக்குரிய ஞானசிகாமணி அவர்களுக்கு,

பாக்கியவதி எழுதுவது. சென்னையில் உங்களுக்கும் உங்கள் தாயாருக்கும் கர்த்தர் நல்ல சுகம் தருவாராக. இங்கே எல்லாரும் சுகம் என்று அடுத்த வரியை எழுத வேண்டும். அந்த வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளைக்குத் தனியே எழுதுவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். தபாலில் சேர்த்த பிறகு நானே அவரிடம் சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடத்தில் நான் இரண்டு மாதம் லீவு எடுத்ததாகக் கேள்விப்பட்டு, இப்போது சுகந்தானா என்று நீங்கள் அப்பாவிடம் விசாரித்திருந்தீர்கள். மலைக்காய்ச்சல், பூரண குணம் என்று அவர் பதில் எழுதினார். எனக்குக் காய்ச்சல் வரவில்லை. முப்பது வருஷம் உபதேசியாராக இருந்து பொய் சொல்லாத மனிதர், அந்த ஒரு வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இது. சென்ற நவம்பரில் எனக்குப் பயம் வந்தது. எதைப் பற்றி என்று கேட்காதீர்கள். கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லிப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை. பள்ளிக்கூடக் கிணற்றின் மூடியை யாராவது திறந்து வைத்திருப்பார்கள், பிள்ளைகளில் ஒருத்தி விழுந்துவிடுவாள் என்று தோன்றும். போய்ப் பார்ப்பேன். மூடியிருக்கும். திரும்பி வகுப்புக்கு வருவதற்குள், சரியாகப் பார்த்தேனா என்று தோன்றும். ஒருநாள் ஏழாவது தடவை போனபோது, வளாகம் பெருக்கும் இசக்கியம்மா விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு, "டீச்சரம்மா, கெணறு எங்கயும் ஓடிப் போவாது. நீங்க பைய வாங்க" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே எட்டாவது தடவையும் போனேன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பயம் நின்றுவிட்டது. குணமாகிவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாள் காலை எழுந்திருக்க முடியவில்லை. ஒன்பது நாள் தலை வாரவில்லை. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து தெரியும், சொல் சேராது. கிணறு மூடியிருந்தால் என்ன, திறந்திருந்தால் என்ன என்று ஆகிவிட்டது. அப்படி நினைத்தேன் என்பதை உணர்ந்த நாளில், பழைய பயம் திரும்பி வந்தது. இந்த முறை என்னைப் பற்றியே பயம்.

இரண்டும் ஒன்றல்ல, ஆனால் தனித்தனியும் அல்ல. பயத்துக்கு ஆயிரம் நாளைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு விபத்து. சோர்வுக்கு நாளை என்பதே இல்லை. பயம் என்னை ஓடவைத்துக் களைக்கச் செய்து சோர்வின் கையில் கொடுக்கிறது. சோர்வில் நான் செய்யாமல் விட்ட வேலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு பயம் வாசலில் காத்திருக்கிறது. ஒரு மருத்துவர் பயத்துக்கு மருந்து கொடுத்தார். நன்றாகத் தூங்கினேன், எழுந்திருக்கத்தான் மனமில்லை. விசுவாசம் உள்ளவர்களுக்குப் பயமில்லை என்று ஜெபக்கூட்டத்தில் சொன்னார்கள். என் விசுவாசத்தை அளக்க அவர்கள் கையில் மரக்கால் இருக்கிறதா என்று கேட்டேன். அது முதல் யாரும் வந்து ஜெபிப்பதில்லை.

எனக்கு உதவியது இசக்கியம்மாதான். என் வயதுக்காரி. பயம் வந்த நாளில் பயப்படாதே என்று சொல்லமாட்டாள். "ஒருக்கா நீங்க பாருங்க. அதுக்கப்புறம் நான் பாத்துச் சொல்லுதேன்" என்பாள். சோர்ந்து கிடந்த நாளில் வீட்டுக்கு வந்து, "பள்ளிக்கொடத்துக்கு வராண்டாம், இந்த வாசல் வரைக்கும் வாங்க" என்றாள். மறுநாள் தெருமுனை வரைக்கும். மார்ச்சு மாதம் வகுப்பில் நின்றேன். நாற்பத்திரண்டு பிள்ளைகள். அன்று கிணற்றை ஒரே தடவைதான் பார்த்தேன்.

இது திரும்பி வரும். எப்போது என்று தெரியாது. அத்தை சாரம்மாள், "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாப் போவும் ஏட்டி, வாய மூடு" என்கிறாள். உங்களை எனக்கு மருந்தாகக் கொடுக்கப் பார்க்கிறார்கள். ஒரு மனிதரைக் கஷாயம்போலக் குடிக்க எனக்கு விருப்பமில்லை.

நேற்று ஞாயிறு ஆராதனையில், கோவிலில் நம் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை. நம் பெயர்களை வாசித்துவிட்டு, இந்த விவாகத்துக்குத் தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் கேட்டார். நான் எழுந்து நின்றேன். அத்தை என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "உக்காரு ஏட்டி, இன்னும் பாட்டு சொல்லல" என்றாள். அதற்குள், உபதேசியார் மகள் எழுந்ததைப் பார்த்துப் பாட்டு வேளை வந்துவிட்டதென்று பின்வரிசை எழுந்தது. பிறகு பெண்கள் பக்கம் முழுவதும். பிறகு ஆண்களும். குருவானவர் ஒரு கணம் திகைத்து, பாட்டின் எண்ணைச் சொல்லிவிட்டார். நான் சொல்ல வந்ததைச் சபை முழுவதும் சேர்ந்து பாடி அமுக்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பாக்கியம், எனக்கப்புறம் ஒன்ன யாரும்மா பாத்துக்கிடுவா?" என்றார். அவருக்கும் பயம். என் பயத்தை மறைத்தது அவருடைய பயந்தான். அதனால் அவர்மேல் நீங்கள் கோபப்பட வேண்டாம்.

என்னிடம் இருப்பதை நான் தடை என்று நினைக்கவில்லை. அதை மறைப்பதுதான் தடை. வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் அப்பாவுக்கு ஒரு வரி எழுதுங்கள், காரணம் வேண்டியதில்லை. சம்மதமென்றால், மலைக்காய்ச்சல் அல்லவென்று உங்களுக்குத் தெரியும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பெரிய மனதோடு பொறுத்துக்கொள்வதாக மட்டும் எழுதவேண்டாம். பொறுக்க நான் குற்றம் செய்யவில்லை.

சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், ஞாயிறன்று மூன்றாம், கடைசி ஓலை வாசிக்கும்போது மறுபடி எழுந்திருப்பேன். சபை முழுவதும் எழுந்தாலும் சரி. பாட்டு முடியும் வரை நின்று, எல்லாரும் உட்கார்ந்த பிறகு சொல்வேன்.

உறை கசங்கியிருந்தால் மன்னியுங்கள். ஒட்டிய பிறகு பிரித்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. அதன்பின் இசக்கியம்மா வாங்கிக்கொண்டு போய்விடுவாள்.

பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: என்ன வாசிக்கிறாய் என்று. போகும்போது உங்கள் பையிலிருந்த வடதுருவப் பயணப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். கப்பல் பனியில் இறுகி நிற்கும் இடம் வரை வந்திருக்கிறேன். உங்கள் பதில் எதுவானாலும் புத்தகத்தை உடனே திருப்பிக் கேட்காதீர்கள். அவர்கள் கரை சேர்ந்தார்களா என்றும் எழுதிவிட வேண்டாம். நானே வாசித்துத் தெரிந்துகொள்கிறேன்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
தா. பாக்கியவதி